அளவு நாடாவும் அழகும்

பெங்களூரு சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து கமர்ஷியல் தெருவை நோக்கி நடப்போமாயின், துணிக்கடைகளுக்கு இடையிடையே தையற்காரர்களின் சிறு கடைகளைக் காணலாம். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு தையற்பொறியின் முன் அமர்ந்திருக்கும் அவர்கள் புதிய உடைகளைத் தைக்கின்றனர். அதனோடு, எங்கோ ஒரு தொழிற்சாலையில் தைக்கப்பட்ட ஆயத்த உடையை, வாங்கியவரின் உடலுக்கேற்பப் பிடித்தும் பிரித்தும் கொடுக்கின்றனர். இச்சிறு வேலைக்குள் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கின்றது. உடலுக்காக உடை என்றிருந்த நிலை மாறி, உடைக்காக உடல் என்று இளம்பெண்கள் எண்ணத் தலைப்பட்ட வரலாறே அது. நேயர்களே, அதனை இன்று நாம் சிறிது ஆராய்வோம்.

சிவாஜிநகர், பழைய இராணுவக் குடியிருப்பின் ஒரு பகுதி. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தம் படைக்கு இருப்பிடம் அமைத்தனர். ‘தண்டு’ என மக்கள் வழங்கிய அவ்விடத்திற்குச் சென்னை மாகாணப் படையோடு தமிழ் மக்களும் பெருந்தொகையினராய் வந்து குடியேறினர். தண்டு மாரியம்மன் கோயிலின் பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. அந்நாளில் பிளாக்பள்ளி எனப்பட்ட இப்பகுதியே பின்னர்ச் சிவாஜிநகர் எனப் பெயர் பெற்றது. 1949இல் தண்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியின் கீழ் இணைந்தன.

நம் பெண்கள் வழிவழியாக உடுத்திய சேலைக்கு அளவு எண் கிடையாது. மெலிந்தவர்க்கும் பருத்தவர்க்கும் துணி ஒன்றே. கொசுவத்தின் எண்ணிக்கைதான் வேறுபடும். ரவிக்கைக்கு அளவு வேண்டும். ஆயினும், அந்த அளவைத் தையற்காரர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே எடுத்தார். அல்லது வீட்டிலிருந்து கொண்டுவந்த அளவு ரவிக்கையைப் பார்த்து வெட்டினார். பின்னால் உடல் பருத்தால் பிரித்துவிடுவதற்கென்று தையலுக்குள் சிறிது துணியும் விட்டு வைத்தார். உடல் மாறும் என்பதை அவர் அறிந்திருந்தார். உடை பொருந்தாவிட்டால் குறை தையற்காரருடையதே, உடுத்தவளுடையது அன்று.

அக்காலத்தில் பெண்ணின் உருவத்தை எவரும் பழித்ததில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நிறத்தைக் குறித்தும் பருமனைக் குறித்தும் பெண் பார்க்கும் கூடத்தில் எழுந்த சுடுசொற்கள் எத்தனையோ! ஆனால், அச்சொற்களுக்கு எண் வடிவம் இல்லை. உலகெங்கும் ஒன்றே என்னும் அளவுகோலும் இல்லை.

அந்த அளவுகோல் எவ்வாறு தோன்றியது? உடையைச் சில அளவுகளில் மொத்தமாகத் தைத்துக் குவிக்கும் முறைக்குப் படைவீரர் சீருடையே பெரிதும் வழிவகுத்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அம்முறை வளர்ந்தது. பெண்களின் உடைக்கு அத்தகைய அளவை வகுக்க விரும்பிய அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை, 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடத்தும் 59 அளவுகள் வீதம் அளந்தது. ஆயினும் வெள்ளையர் இனப் பெண்களின் அளவுகளே முடிவிற்குக் கொள்ளப்பட்டன. அவ்வழியில் 1958இல் வெளிவந்த அரசின் அளவு முறையும் 1983இல் கைவிடப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பியவாறே எண்களை இட்டுக்கொண்டது.

இங்கு மற்றொரு நிகழ்ச்சியையும் நினைவுகூர்தல் தகும். பல்லாயிரம் இளம்பெண்களின் அளவுகளைக் கூட்டிச் சராசரி கண்டு, ‘நார்மா’ என்னும் சிலையொன்றை அமெரிக்காவில் வடித்தனர். 1945இல் கிளீவ்லாந்து நகரச் செய்தித்தாள் ஒன்று, அச்சிலையின் அளவுகளை ஒத்த பெண் யார் என்று போட்டி நடத்தியது. 3,864 பெண்கள் கலந்துகொண்டனர். ஒன்பது அளவுகளிலும் சிலையோடு ஒத்தவர் ஒருவரும் இலர். சராசரிப் பெண் என ஒருத்தி உலகில் இல்லை என்பதே அதன் பாடம். அப்பாடத்தை உலகம் கற்கவில்லை.

நம் நாட்டிலோ, இந்தியர் உடலை அளந்து இந்தியர்க்கென்று அளவு முறை வகுக்கும் திட்டம் 2018இல்தான் அறிவிக்கப்பெற்றது. ஆறு நகரங்களில் 25,000க்கும் மேற்பட்டோரை அளப்பது அதன் நோக்கம். அந்நிலையில், அதற்கு முன்னர் ஆயத்த உடை பொருந்தாமல் வருந்திய பெண் ஒவ்வொருத்தியும், தனக்காக வகுக்கப்படாத ஓர் எண்ணின் முன் நின்று தன்னைக் குறைகூறிக்கொண்டாள் என்றே சொல்லலாம்.

இனி, பெங்களூருக்கே மீள்வோம். 1996ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், சிவாஜிநகருக்கு அணித்தேயுள்ள சின்னசாமி விளையாட்டரங்கில் உலக அழகிப் போட்டி நடைபெற்றது. மகளிர் அமைப்புகளும் உழவர் இயக்கத்தினரும் அரசியற் கட்சியினரும், வெவ்வேறு காரணங்கூறி அதனை எதிர்த்தனர். நீச்சலுடைச் சுற்று செசெல்சுத் தீவுகளுக்கு மாற்றப்பெற்றது. கடுங்காவலுக்கிடையே விழா நடந்து முடிந்தது. மேடையில் நின்றவர் எதை உடுத்தலாம், எதை உடுத்தலாகாது என்பது குறித்து அன்று எழுந்த விவாதம் பெரிது. ஆனால், அம்மேடையைத் தொலைக்காட்சியில் கண்டுகொண்டிருந்த பெண்கள் தம் இடையையும் தோளையும் பற்றி என்ன எண்ணினர் என்று கேட்டவர் சிலரே.

அழகிப் போட்டி ஓரிரவில் முடிந்தது. பின்னர் வந்த மேடைக்கோ முடிவே இல்லை. 2007இல் இதே பெங்களூரில் தொடங்கப்பெற்ற மைந்த்ரா நிறுவனம், நாளடைவில் இணையவழி உடை வணிகத்தில் தலைசிறந்து நின்றது. 2010இல் இன்ஸ்டாகிராம் தோன்றியது. 2016இல் ஜியோ வந்தபின் இணையச் செலவு வெகுவாகக் குறைந்தது. ஏழை எளியோர் வீட்டுப் பெண்ணும் படங்களைக் கைப்பேசியில் ஓயாது காணலானாள். அவள் எந்தப் படத்தின் முன் சிறிது நேரம் தங்குகின்றாள் என்பதைப் பொறி கணக்கிட்டு, அதைப் போன்ற நூறு படங்களைக் கொண்டுவந்து நிறுத்துகின்றது. உடையைப் பார்க்க வந்தவள் உடல்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள்.

திரைப்பட நடிகையைப் பார்த்தவர், ‘அவள் நடிகை’ என்று ஆறுதல் கொள்ள முடிந்தது. இணையத்தில் தோன்றுபவளோ பக்கத்து வீட்டுப் பெண்போலவே இருக்கின்றாள். அவள் முகத்தை மெருகேற்றவும் இடையைக் குறுக்கவும் கருவிகள் உண்டு என்பது பார்ப்பவள் நினைவிற்கு வருவதில்லை. மனிதர் தம்மைப் பிறரோடு, சிறப்பாகத் தம்மை ஒத்தவரோடு, ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர் என்று லியோன் பெஸ்டிங்கர் என்னும் உளநூலறிஞர் 1954இலேயே விளக்கினார். இங்கு அவ்வொப்பீடே பொய்யான எடைக்கல்லால் நிகழ்கின்றது.

இதன் விளைவிற்குப் பிஜித் தீவு ஒரு சான்று. பருத்த உடலைப் போற்றும் மரபுடைய அத்தீவின் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி 1995இல் வந்தது. ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் அங்குப் பள்ளி மாணவியரை அவ்வாண்டிலும், மீண்டும் 1998இலும் ஆராய்ந்தார். உண்ணும் முறையில் கோளாறு உண்டென ஐயுறத்தக்க மாணவியர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். தாம் மிகப் பருத்துவிட்டதாகச் சிற்சில வேளைகளில் எண்ணுவதாக 1998இல் 74 விழுக்காட்டினர் கூறினர். மூன்றே ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் கண் மாறிவிட்டது!

2021இல், முகநூல் நிறுவனத்தின் முன்னாள் ஊழியரான பிரான்சஸ் ஹாகன், அந்நிறுவனத்தின் உள்ஆய்வுகளை வெளிப்படுத்தினார். தம் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திய வேளையில் இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மிகுவித்தது என்று பதின்பருவப் பெண்களில் 32 விழுக்காட்டினர் அவற்றில் கூறியிருந்தனர். எல்லாப் பெண்களும் அவ்வாறு கூறவில்லை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. அதே இணையத்தில், கருநிறத்தையும் பருத்த உடலையும் நாணமின்றிக் காட்டும் பெண்களும் உளர். சென்னையிலிருந்து 2009இல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிபுல்’ இயக்கம், நிறப்பழிப்பிற்கு எதிரான குரலாய் ஒலித்தது. உடலமைப்பு மாற்றப்பட்ட விளம்பரப் படத்தில் அவ்வாறே குறிக்க வேண்டும் என்று பிரான்சு 2017இலும் நார்வே 2022இலும் சட்டத்தை நடைமுறைப்படுத்தின.

சட்டம் செய்வது ஒருபுறம் இருக்க, வீட்டில் நாம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. தருவித்த உடை பொருந்தாமல் ஒரு பெண் கண்ணாடியின் முன் வாடி நிற்கும்போது, “நீ பருத்துவிட்டாய்” என்று தாயும் தமையனும் சொல்லுதல் எளிது. “இந்தச் சட்டை சிறிது” என்று சொல்லுதலும் அதே அளவு எளிதுதான். முன்னது அவளை உணவின் முன் அஞ்சச் செய்யும். பின்னது அவளைத் தையற்கடைக்கு அனுப்பும். உணவைத் தொடர்ந்து வெறுக்கும் பெண்ணை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை. ஏளனம் செய்தல் கொடுமை.

சிவாஜிநகரின் தையற்காரர் பொருந்தாத உடையைக் கையில் வாங்கியதும், உடுத்தவளைப் பழிப்பதில்லை. உள்ளே எவ்வளவு துணி விடப்பட்டிருக்கின்றது என்று திருப்பிப் பார்க்கின்றார். திருத்தப்பட வேண்டியது எது என்பது அவருக்குத் தெரியும். அதை நம் பெண்மக்களும் தெரிந்துகொள்ளுமாறு செய்வது நம் பொறுப்பு.