ஹார்வர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் குளம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போகிற நம்மவர்கள், 1773இல் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த பாஸ்டன் துறைமுகத்தைப் பார்க்கிறார்கள். 1636இல் தோன்றிய ஹார்வர்டின் வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சரிதான். மகனோடு போன என் வியாபாரிக் கண், ஹார்வர்டுக்கு மேற்கே சற்றுத் தள்ளியிருக்கும் பிரெஷ் பாண்ட் குளத்தின் மேல்தான் நின்றது.

குளிர்காலத்தில் உறைந்துபோகும் இந்தக் குளத்தில், குதிரை பூட்டிய கருவியால் வயலை உழுவதுபோல் ஐஸ் அறுத்தவர் நத்தானியேல் வைத். அதை வாங்கிக் கப்பலேற்றியவர் பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர். 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் சரக்கு அனுப்பி நஷ்டப்பட்டார். பிறகு கடனுக்காகச் சிறைக்கும் போனார். கடனால் தூக்கமிழந்த வியாபாரி எவனும் இந்த வரியைச் சும்மா தாண்டிப் போகமாட்டான். மனுஷன் தொழிலை விடவில்லை! 1833 மே மாதம் 'டஸ்கனி' கப்பலில் 180 டன் ஐஸ், நாம் பிழைக்க வந்த இதே கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதம் கழித்து ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது.

சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் அவருடைய ஐஸுக்கென்று கட்டிய கிடங்குதான் நம் ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம்.

குளம் இப்போது கேம்பிரிட்ஜ் நகரத்தின் குடிநீர்த் தேக்கம். சுற்றி நடக்கப் பாதை உண்டு. இறங்கிக் குளிக்க விடமாட்டார்கள்.