கூத்தின் வடிவமும் கூத்தின் அவையும்: நவீனத் தமிழ் நாடகத்தில் பார்வையாளர்

முன்னுரை

நவீனத் தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் நாடகாசிரியர், நெறியாளர், நாடகக் குழு ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பார்வையாளர் அதில் ‘சிலர்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். சோதனை நாடகங்கள் மக்களை எட்டவில்லை என்னும் தீர்ப்பும் இதனடியாகப் பிறந்ததே. எத்தனை பேர் பார்த்தனர் என்பதினும், ஆடியவருக்கும் பார்த்தவருக்கும் இடையே நிலவிய உறவு எத்தகையது என்பதே ஆராயத்தக்கது. 1970களுக்குப் பிந்தைய முயற்சிகளை அந்நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது.

கூத்தின் அவை

வடதமிழகத் திரௌபதியம்மன் கோயில்களின் பாரத விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். அருச்சுனன் தபசில், தபசு மரத்தின்மேல் ஏறியவர் வீசும் எலுமிச்சம்பழத்தையும் திருநீற்றையும் மகப்பேறு வேண்டும் பெண்கள் பிரசாதமாக ஏந்துவர். படுகளத்தன்று மண்ணாலான துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே திரண்டு நிற்கும். கதை அனைவரும் முன்பே அறிந்தது. எனவே பார்ப்பவர் இங்கு நுகர்வோர் அல்லர், சடங்கின் பங்காளிகள்.

வடிவம் பெயர்ந்தமை

சபா நாடகங்களுக்கு மாற்றுத் தேடிய முயற்சிகள் 1977இல் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறையால் விரைவு பெற்றன. அதே ஆண்டில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை தோன்றியது. 1978இல் சென்னையில் ஞாநியின் பரீக்ஷாவும் மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் உருவாயின. புரிசைக் கூத்துக் கலைஞர்களுடன் கொண்ட தொடர்பால் கூத்துப்பட்டறை அடவு, குரல், உடல்மொழி ஆகியவற்றை நவீன நடிகருக்குரிய பயிற்சியாக்கியது. இவ்வாறு கூத்தின் வடிவம் நகரத்திற்கு வந்தது. அதன் அவை ஊரிலேயே தங்கிவிட்டது. நகர அரங்கில் அமர்ந்தவருள் பலர் சிற்றிதழ் வாசகர்கள். நேர்த்திக்கடன் பிணைத்திருந்த இடத்தில் இங்கு இலக்கிய ஈடுபாடே பிணைப்பாயிற்று.

அவையை நாடியமை

வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் மேடை, ஒளியமைப்பு, காட்சித் திரை ஆகியவற்றைத் துறந்து, பார்வையாளரின் நடுவிலேயே நடிகரை இயங்கச் செய்தவர். 1980இல் சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழக வீதி நாடகத்திற்கு ஊக்கமளித்தது. 1984இல் தோன்றிய பிரளயனின் சென்னைக் கலைக்குழு மக்கள் கூடும் இடங்களுக்கே நாடகத்தைக் கொண்டு சென்றது. கூத்தின் அடவுகளைச் சாராமலேயே அதன் வட்ட அவையை வீதி நாடகம் மீட்டது எனலாம்.

ஈழத்திலும் இதற்கு இணையான சான்று உண்டு. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ (1985) யாழ்ப்பாணக் கிராமங்கள் பலவற்றில் நிகழ்த்தப்பட்டது. புதுமையான வடிவம் அங்கு மக்களுக்கு அயலாகத் தோன்றவில்லை. மேடையில் பேசப்பட்ட துயரம் பார்த்தவர்களின் சொந்தத் துயரமாக இருந்ததே அதற்குக் காரணமாகும்.

முடிவுரை

சோதனை நாடகத்தை மக்களிடமிருந்து பிரித்தது வடிவத்தின் கடுமை மட்டுமன்று; ஆடுவோரும் காண்போரும் பகிர்ந்துகொள்ளும் வாழ்வுச்சூழல் இல்லாமையே முதன்மைக் காரணம் என்பது மேற்கண்ட சான்றுகளால் புலனாகிறது. ஞாநியும் முத்துசாமியும் 2018இல் மறைந்தனர். அவர்களுடைய பனுவல்கள் அச்சில் உள்ளன. ஆனால் அந்நாடகங்களைக் கண்டவர்களின் நினைவுகள் அச்சேறியவை அல்ல. அத்தலைமுறையும் முதுமை எய்திவிட்டது. அவர்களின் வாய்மொழிகளைத் திரட்டுவது நாடக ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். அவையோரின்றி எழுதப்படும் நாடக வரலாறு பாதி வரலாறே.