இங்கிலாந்து வட்டார ஒலிப்பும் சமூக மதிப்பும்

ஆங்கில ஒலிப்பு இங்கிலாந்துக்குள்ளேயே வட்டாரந்தோறும் வேறுபடுகிறது. குளியலைக் குறிக்கும் 'பாத்' என்னும் சொல்லின் உயிரொலியைத் தென்பகுதியினர் நெடிலாகவும் வடபகுதியினர் குறிலாகவும் ஒலிப்பர். வரலாற்று நோக்கில் குறிலொலியே பழமையானது. எனினும், டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட ஒலிப்பகராதி, தனியார் உறைவிடப் பள்ளிகளில் பயின்ற தென்பகுதிக் குடும்பத்தினரின் ஒலிப்பையே அடிப்படையாகக் கொண்டது. 1922இல் தோன்றிய பி.பி.சி. வானொலியும் அதனையே பின்பற்றியது. போர்க்காலத்தில், 1941இல், யார்க்ஷயர் ஒலிப்புடைய வில்பிரட் பிக்கிள்ஸ் தேசியச் செய்திகளை வாசித்தபோது நேயர் சிலர் செய்தியின் நம்பகத்தன்மையையே ஐயுற்றனர். பழமையுடைய வடபகுதி ஒலிப்பு இவ்வாறு தாழ்வாகக் கருதப்பட்டமையால், ஒலிப்பின் உயர்வு தாழ்வு ஒலியின் இயல்பால் அமைவதன்று என்பதும், பேசுவோரின் சமூக நிலையைச் சார்ந்தே அமைகிறது என்பதும் பெறப்படும்.