யாழ்ப்பாணத்திற் கயிறு திரித்தற்றொழில்

நற்றிணையின் 284 ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. பொருள் தேடிப் பிரிந்த ஒருவனைக் காதல் ஒருபுறமும் கடமை ஒருபுறமும் ஈர்க்க, இரு களிறுகள் பற்றியிழுக்கும் பழங்கயிறுபோல அவன் உடல் அழியுமோ என்று அவர் பாடினார். அவ்வுவமையின் சிறப்பினால் 'தேய்புரிப் பழங்கயிற்றினார்' என அவரைத் தமிழுலகம் வழங்கிவருகின்றது. முறுக்கிய இழையைக் குறிக்கும் 'புரி' என்னும் சொல்லே கயிற்றுத் தொழிலின் பழைமைக்குச் சான்றாகும்.

நூலையோ நாரையோ நீண்ட கயிறாக்கும் முறைகள் மூன்று. ஒன்று முறுக்கித் திரித்தல். மற்றொன்று கூந்தலைப்போலப் பின்னுதல். பிறிதொன்று கண்ணியுட் கண்ணி கோத்தல். மூன்றாவது முறையில், நாற்புறமும் சிறு முளைகள் அறைந்த மரவுருளையினாலோ, கைப்பிடியாற் சுழற்றும் சிறு பொறியினாலோ மெல்லிய நாடாக் கயிறு செய்தல் மேனாடுகளில் வழக்கம். அது நெகிழ்ந்து நீளும். அணிக்கும் ஆடைக்கும் உகந்தது. பாரம் தாங்க வேண்டிய குடாநாட்டு மக்களுக்கோ முறுக்கிய கயிறே பயன்பட்டது.

பொச்சுமட்டையைக் கடனீரேரிக் கரையில் திங்கட்கணக்காக ஊறவைத்து, மரத்தடியால் அடித்துச் சோற்றியை நீக்கினால் தும்பு எஞ்சும். அதனை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித் திரித்தல் பழைய முறை. இராட்டினம் வந்தபின், ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, மற்றொருவர் மடியிற் கட்டிய தும்பைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்துப் பின்னோக்கி நடந்தார். இவ்வாறு பெற்ற புரிகளை ஒன்றுசேர்த்து, முதல் முறுக்கிற்கு எதிர்த்திசையில் முறுக்குவர். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்க்க முயலுந்தோறும் கயிறு மேலும் இறுகும். கட்டும் பசையுமின்றிக் கயிறு கலையாதிருப்பதன் காரணம் இவ்வெதிர்முறுக்கேயாம்.

யாழ்ப்பாணத்தின் வேளாண்மை இத்தொழிலை எவ்வளவு சார்ந்திருந்தது என்பதை நோக்குதல் தகும். வற்றாத ஆறு ஒன்றேனும் இந்நாட்டில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணக்கற் பாறையுள் இறங்கித் தங்குகின்றது. எஞ்சிய மாதங்களிற் கிணறே கதி. ஆடுகாலின்மேற் பொருத்திய துலாவில் ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையால் இறைத்தனர். நிறைந்த பட்டை மேலேறும்போது கொடி அறுமாயின் துலா துள்ளும். மேலே நடப்போர் நிலைகுலைவர். ஆதலின் துலா மிதிப்போரின் உயிர் திரித்தவர் கைத்திறனில் இருந்தது. திருவிதாங்கூர்வரை சென்று இந்நாட்டிற்குப் பொருளீட்டித்தந்த புகையிலையும் இவ்விறைப்பினாலேயே விளைந்தது.

கடல் வணிகமும் அவ்வாறே. உப்புநீரில் எளிதில் உக்காத தென்னந்தும்புக் கயிறு இந்து சமுத்திரக் கலங்களுக்கு இன்றியமையாததாயிற்று. 1344 இல் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு அளவளாவிய இபின் பத்தூத்தா, அதற்குமுன் மாலைதீவில் தங்கியிருந்தவர். அங்கே பெண்கள் தும்பைத் திரிப்பதையும், அக்கயிற்றினாற் கப்பற் பலகைகள் தைக்கப்படுவதையும் அவர் குறித்துள்ளார். ஆணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடையும், தைத்த கலமோ வளைந்து கொடுக்கும் என்பது அவர் கூறும் காரணம். பிற்காலத்தில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பலான 'அன்னபூரணி' கடல் பல கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அக்கலத்தின் புகழ் நிலைத்தது. பாய்க்கப்பலின் ஒவ்வொரு பாயையும் ஏற்றி இறக்குவது கயிறே என்பதை நினைப்பார் சிலரே.

தென்னையோடு பனையும் உதவிற்று. பனைமட்டையிலிருந்து உரித்த நார் வேலி வரியவும், மட்டையின் அடியிலிருந்து எடுத்த தும்பு தூரிகை செய்யவும் பயன்பட்டன. வில்லியம் பேர்குசன் 1850 இற் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூல் இம்மரத்தின் பயன்களை விரித்துரைக்கின்றது. 1978 இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டமையால் பனைசார் தொழில்களுக்கு ஓர் ஆதரவு கிடைத்தது. துலாக்கொடி திரித்தோருக்கு அத்தகைய நிறுவனம் தோன்றவில்லை. நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகத் துலா மறைந்தது. நைலோன் கயிறு வரக் கடலோடிகளும் தும்புக் கயிற்றைக் கைவிட்டனர்.

துலா மிதித்தோரின் முதுகு நோவு ஒழிந்தது நன்றே. அதற்கு இரங்குதல் வேண்டா. இரங்கத்தக்கது வேறொன்று. மன்னர் பெயரும் படையெடுப்பும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றன. கிணற்று நீரையும் கடல் வணிகத்தையும் இயங்கவைத்த கைகள் அந்நூல்களில் இடம்பெறவில்லை. அக்கைகளுட் பல பெண்களுடையன. அடுப்படி வேலை முடித்தபின் முற்றத்திற் செய்த தொழிலாதலின், அது தொழிலென்றே எண்ணப்படவில்லை. செப்பேட்டிலும் கணக்கேட்டிலும் காணப்படாத செய்தி முதியோர் நாவிலும், கொட்டிலின் மூலையிற் கிடக்கும் இராட்டினத்திலும் இன்னும் எஞ்சியிருத்தல் கூடும். ஆடுகால், அச்சுலக்கை, துலாக்கொடி என்னும் சொற்களை அவற்றைக் கையாண்டோர் உள்ளபோதே எழுதிவைப்பது மாணாக்கர் செய்யத்தக்க பணியாகும். பழங்கயிற்றைப் பாடிய புலவருக்குக் கயிறேனும் ஒரு பெயர் தந்தது. அதைத் திரித்தவருக்கு அதுவும் வாய்க்கவில்லை.