கணைய அழற்சி: நோயாளியைப் பட்டினி போடாதது ஏன்?

அப்பாவுக்குக் கடுமையான கணைய அழற்சி. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கிறார்கள். "சாப்பிடவே கூடாதுன்னுதானே சொல்வாங்க?" என்று பாட்டி கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

பாட்டி சொல்வதும் தப்பில்லை. முன்பு அப்படித்தான் செய்தார்கள். செரிமான நீரைச் சுரப்பது கணையம். அது வீங்கியிருக்கும்போது ஓய்வு கொடுக்கணும் என்று நினைத்தார்கள். சத்தெல்லாம் ரத்தக் குழாய் வழியாகத்தான்.

சிக்கல் குடலில்தான். உணவே வராவிட்டால் குடலின் உட்சுவர் பலவீனமாகிறது. உள்ளே இருக்கும் கிருமிகள் வெளியே கசியலாம். செத்துப்போன கணையத் திசுவில் அவை தொற்றினால் உயிருக்கே ஆபத்து. ரத்தக் குழாய் வழி சத்து பெற்றவர்களைவிட, குடல் வழி உணவு பெற்றவர்களிடையே தொற்றும் மரணமும் குறைவு என்று ஆய்வுகள் காட்டின.

எப்போது தொடங்குவார்கள்? வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் என்கிறது 2020இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி. அதற்காக அவசரப்படவும் வேண்டாம். 208 பேரிடம் நடந்த நெதர்லாந்து ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்திலேயே குழாய் வைத்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. 72 மணி நேரம் கழித்து வாயால் சாப்பிட வைத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் குழாயே தேவைப்படவில்லை.

குழாய் பெரும்பாலும் இரைப்பை வரை போனாலே போதும். வாந்தி நிற்காவிட்டால் சிறுகுடல் வரை இறக்குவார்கள். அதையும் குடல் ஏற்காவிட்டால்தான் ரத்தக் குழாய்.

வீட்டிலிருந்து கஞ்சியோ மைலோவோ கொண்டு போகிறீர்களா? முதலில் தாதியிடம் கேளுங்கள்.