ஓய்ந்த கடிகாரங்களும் ஓயாத உள்ளமும்

காலத்தைக் காட்டுவதற்கென மனிதன் செய்த கருவியைக் காலமே அழித்துவிடுவது உலகியல்பு. பல் தேய்ந்த சக்கரம், முறுக்கிழந்த சுருள்வில், களிம்பேறிய பித்தளைத் தகடு ஆகியவற்றைக் கையிலெடுத்து அவற்றுக்கு மீண்டும் இயக்கம் தருவது வெறும் கைத்தொழில் அன்று. செய்தவன் என்ன எண்ணிச் செய்தான் என்பதை உணர்ந்தாலொழியப் பழங்கடிகாரத்தைச் செப்பனிட இயலாது. சிதைந்த ஏட்டைப் பிரித்த பதிப்பாசிரியருக்கு நேரும் பொறுப்பே, ஓய்ந்த கடிகாரத்தைத் திறந்தவருக்கும் நேர்கிறது. விடுபட்ட இடத்தைத் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும் உரிமை இருவருக்கும் இல்லை. இவ்வுண்மையை விளக்க, பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு ஜான் ஹாரிசன் செய்த கடற்கடிகாரங்களையும், இருபதாம் நூற்றாண்டில் அவற்றை மீட்டெடுத்த ரூபர்ட் கூல்டு என்பாரையும் விடச் சிறந்த சான்று காண்பது அரிது.

கடல் கேட்ட கேள்வி

நடுக்கடலில் செல்லும் மாலுமி, தான் வடக்கு தெற்காக எங்குள்ளான் என்பதைக் கதிரவனையும் விண்மீனையும் கொண்டு அறிந்துவிடுவான். கிழக்கு மேற்காக எங்குள்ளான் என்று அறிவதுதான் அரிது. புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கப்பல் நிற்கும் இடத்தின் நண்பகலைக் கதிரவன் காட்டும். அந்த நொடியில் புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்பது தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தீர்க்கரேகையைச் சொல்லிவிடும். ஆனால் கப்பலின் ஆட்டத்தையும், குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்குச் செல்லும் மாற்றத்தையும் தாங்கிப் பிழையின்றி ஓடும் கடிகாரம் அன்று உலகில் இல்லை.

அதன் விளைவு கொடிது. 1707ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் இரவில், சிலித் தீவுகளின் பாறைகளில் மோதி ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் நான்கு மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714இல் ஆங்கிலேய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, தீர்க்கரேகையை அரைப்பாகைக்குள் கண்டறிய வழி சொல்வோர்க்கு 20,000 பவுன் பரிசு அறிவித்தது. அரைப்பாகை என்பது கடிகாரக் கணக்கில் இரண்டே நிமிடம். பல வாரப் பயணத்தின் முடிவில் அவ்வளவு பிழைதான் பொறுக்கப்படும்.

வானியலறிஞர்கள் விடையை விண்ணில் தேடினர். விடையோடு வந்தவரோ ஒரு தச்சர் மகன்.

தச்சரின் தவம்

1693இல் யார்க்ஷயரில் பிறந்து, லிங்கன்ஷயர்ச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த ஹாரிசன், எந்தக் கடிகாரக்காரரிடமும் பயின்றவர் அல்லர். அவர் முதலில் செய்த கடிகாரங்களின் சக்கரங்களே மரத்தாலானவை. அக்காலத்துக் கடிகாரங்களைக் கெடுத்தது அவற்றுக்கு இடும் எண்ணெய்தான். குளிரில் தடிக்கும், வெயிலில் இளகும், நாளடைவில் பிசுக்காகும். ஹாரிசன் எண்ணெயைத் திருத்த முயலவில்லை. எண்ணெயே வேண்டாத கடிகாரத்தைச் செய்தார். தன்னுள்ளேயே பசை ஊறும் லிக்னம் வைட்டி என்னும் வன்மரத்தால் தாங்கிகளை அமைத்தார். தச்சருக்கு மரத்தின் குணம் தெரிந்திருந்தது.

1735இல் முடிந்த முதற் கடற்கடிகாரம் ஏறத்தாழ 34 கிலோ எடை கொண்டது. கப்பலின் ஆட்டம் ஒன்றை முடுக்கினால் மற்றொன்றை மட்டுப்படுத்தும்படி, இரண்டு சமன்கோல்களை வில்களால் இணைத்திருந்தார். 1736இல் லிஸ்பனுக்குச் சென்று திரும்பும் வழியில், தென்பட்ட நிலமுனையைக் கப்பலோட்டிகள் ஸ்டார்ட் முனை என்றனர். ஹாரிசன் அதனை லிஸார்டு முனை என்றார். ஹாரிசன் சொன்னதே மெய்யாயிற்று.

அத்துடன் அவர் நிறைவு கொள்ளவில்லை. இரண்டாவது கருவியைச் செய்து, அதில் குறை கண்டு ஒதுக்கினார். மூன்றாவதற்கு 19 ஆண்டுகளைச் செலவிட்டார். அதன் உறுப்புகள் 753. வெப்பத்துக்கேற்பத் தானே வளைந்து கொடுக்கும் ஈருலோகப் பட்டையை அதற்கெனவே கண்டுபிடித்தார். இன்றைய இஸ்திரிப்பெட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்துவது அப்பட்டையின் வழிவந்ததே. இருந்தும் அக்கருவி அவர் கருதிய நுட்பத்தை எட்டவில்லை. பின்னர் 1759இல், பெரிய கருவிகளை விடுத்து, 13 சென்டிமீட்டர் விட்டமுடைய பெரியதொரு பைக்கடிகாரம் போன்ற நான்காவதை முடித்தார். 1761-62இல் ஜமைக்கா சென்ற பயணத்தில், 81 நாட்களில் அதன் பிழை ஐந்து நொடியளவே என்று கணக்கிடப்பட்டது.

பரிசு எளிதில் வரவில்லை. தீர்க்கரேகை வாரியம் தடைக்குமேல் தடை விதித்தது. 1766இல் கருவிகள் அவரிடமிருந்து பெறப்பட்டுக் கிரீன்விச் வானாய்வகத்துக்குச் சென்றன. 1773இல், நாடாளுமன்றமே தலையிட்டு 8,750 பவுன் வழங்கியபோது அவருக்கு வயது 80. அதற்குள், அவரது நான்காம் கடிகாரத்தைப் பார்த்து லார்க்கம் கெண்டால் செய்த படியைக் கேப்டன் குக் தம் இரண்டாம் உலகப் பயணத்தில் எடுத்துச் சென்று, அதன் மெய்ம்மைக்குச் சான்றும் ஆனார். குக்கின் பயணங்களில் வானியல் நோக்குகளுக்குத் துணைநின்ற ஊசல் கடிகாரங்களைச் செய்தவர் ஜான் ஷெல்டன். அதே கைவினைஞரின் கடிகாரமொன்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வகத்தில் பணிசெய்து, பின்னர் கோடைக்கானல் வானாய்வகத்தைச் சென்றடைந்தது என்பது தமிழ்நாட்டார் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஹாரிசன் 1776இல் மறைந்தார். அவர் காட்டிய வழியில் பிறர் எளிய, மலிவான கடற்கடிகாரங்களைச் செய்து குவித்தனர். வழி காட்டிய கருவிகள் கிரீன்விச்சில் ஓய்ந்து கிடந்தன. 1836க்கும் 1840க்கும் இடையே ஒருமுறை துலக்கப்பெற்றதைத் தவிர, அவற்றை நாடுவார் இல்லை.

களிம்பும் கையும்

1920இல் கடற்படை அதிகாரி ரூபர்ட் கூல்டு அவற்றைக் காண வந்தார். 1890இல் பிறந்த அவர், முதலாம் உலகப் போர் தொடங்கிய வேளையில் மனம் நிலைகுலைந்து, கப்பற்பணியை விட்டுக் கடல்வரைபடத் துறையில் அமர்ந்திருந்தார். கடற்கடிகார வரலாற்றை நூலாக எழுதும் வேட்கை அவரைக் கிரீன்விச்சுக்கு இழுத்தது. அவர் கண்டது அழுக்கும் அரிப்பும் மூடிய உலோகக் குவியல். முதற் கருவியின் மரப்பகுதிகளின்மீதுகூட நீலப்பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது.

கூல்டு கடிகாரத் தொழில் பயின்றவர் அல்லர். இருந்தும், ஊதியமின்றித் தாமே செப்பனிடுவதாக அரசு வானியலறிஞர் பிராங்க் டைசனிடம் கூறி இசைவு பெற்றார். பயிற்சியற்ற ஒருவரிடம் நாட்டின் அருஞ்செல்வத்தை ஒப்படைத்தது துணிவே. ஆயினும் பயிற்சி பெற்றோர் எவரும் அதற்கு முன்வந்திருக்கவில்லை என்பதையும் எண்ணவேண்டும். அடுத்த 13 ஆண்டுகள் அவர் வாழ்வு இக்கருவிகளோடு பிணைந்தது.

இப்பணியின் இயல்பை அறியச் சில செய்திகள் போதும். நான்காம் கடிகாரத்தின் முட்களைக் கழற்றும் சூட்சுமத்தை அறியவே அவருக்கு மூன்று நாட்கள் பிடித்தன. பற்றவைக்கப்பட்டனவோ என்று ஐயுறும் அளவுக்கு அவை இறுகியிருந்தன. வலிந்து இழுத்திருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். அத்துடன் ஹாரிசனின் கைவேலையும் முடிந்திருக்கும். மூன்றாம் கருவி கூல்டிடம் ஏழாண்டுகளைக் கேட்டது. எந்த உறுப்பை முதலில் கழற்றுவது, எதை இறுதியில் பூட்டுவது என்று சொல்ல எவரும் இல்லை. ஒவ்வொரு நிலையையும் வண்ண மைகளால் வரைந்து எழுதி வைத்தார். அக்குறிப்பேடுகள் 18.

முதற் கருவியே மிகவும் சிதைந்திருந்தது. ஆற்றல் தரும் முதன்மை வில்கள் இல்லை. சமன்கோல்களின் வில்கள் இல்லை. சாவி கொடுக்கும் அமைப்பே இல்லை. இங்குதான் ஹாரிசனின் மனம் கூல்டுக்குக் கைகொடுத்தது. அக்கருவியில் பெரும்பாலான உறுப்புகள் இடமும் வலமும் ஒத்த இரட்டைகளாக அமைந்தவை. ஒருபக்கம் அழிந்ததற்கு மறுபக்கம் எஞ்சியதே சான்று. எதுகையை அறிந்தவர் செய்யுளின் சிதைந்த அடியை உய்த்துணர்வது போன்றது அது. சான்று எஞ்சிய இடத்தில் படியெடுத்தார். எஞ்சாத இடத்தில், ஹாரிசன் இவ்விடத்தில் என்ன செய்திருப்பார் என்று ஆராய்ந்து, பொருந்தும்வரை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்.

இதற்கிடையே அவருடைய சொந்த வாழ்வு சிதைந்தது. 1925இல் மீண்டும் மனம் நோயுற்றது. 1927இல் நீதிமன்றத்தின் வழி மனைவி பிரிந்தார், துறைப்பணி போயிற்று, பிள்ளைகளையும் பிரிய நேர்ந்தது. உடைந்த கருவிகளைப் பொருத்த அறிந்த கைகளால் அவற்றைப் பொருத்த இயலவில்லை. ஆயினும் பணியை அவர் கைவிடவில்லை. 1933ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் மாலை, காற்றும் மழையும் பலகணியை அறைந்துகொண்டிருக்க, இறுதித் திருத்தத்தைச் செய்தார். 1767க்குப் பின் முதன்முறையாக முதற் கருவி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 166 ஆண்டு மௌனம் அன்று கலைந்தது.

கூல்டு 1948இல் மறைந்தார். ஹாரிசனுக்கு அவர் வாழ்நாளில் மறுக்கப்பட்ட நீதியில் ஒரு பங்கை, எந்தப் பதவியும் துணையில்லாத இம்மனிதர் வழங்கிச் சென்றார் எனலாம்.

ஓடுவதா, ஓய்வதா?

கூல்டின் பணி வினாக்களையும் எழுப்பாமல் இல்லை. பழம்பொருளைப் பேணும் கலை அவர் காலத்துக்குப்பின் வெகுவாக வளர்ந்துள்ளது. இன்றைய பேணுநர், களிம்பு முழுவதையும் துடைத்துப் பளபளப்பாக்கத் தயங்குவர். மேற்பரப்பில் உள்ள கீறலும் கறையும்கூடச் செய்தவனின் கருவியையும் முறையையும் சொல்லும் சான்றுகள் என்பது அவர்தம் கொள்கை. செம்பிற் களிம்பு போக்கப்படவேண்டியது என்பது நம் சமயநூலார் உவமை. பழம்பொருளிலோ, எது களிம்பு, எது வரலாறு என்று பிரித்தறிவதே முதல் வேலையாகிறது. புதிதாகச் சேர்க்கும் உறுப்பு பழையதைப் போல் நடிக்கலாகாது. தேவையெனில் பழுதின்றிக் கழற்றக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். இன்று ஓடும் முதற் கருவியின் ஓட்டம் ஹாரிசனுடையது மட்டும் அன்று, கூல்டுடையதும் ஆகும். எவ்வுறுப்பு எவருடையது என்று நாம் பிரித்தறிய உதவுவன, அவர் வருந்தி எழுதிய குறிப்பேடுகள்தாம். பழுதுபார்த்தவரின் நேர்மை அவர் கைத்திறனில் மட்டுமன்று, தாம் செய்ததை மறைக்காது எழுதிவைத்ததிலும் உள்ளது.

கிரீன்விச்சில் இக்கடிகாரங்கள் வைக்கப்பட்டுள்ள முறையும் சிந்தனைக்குரியது. முதல் மூன்று கருவிகளும் எண்ணெய் வேண்டாதவை. ஆதலின் தேய்மானம் குறைவு. அவை நாள்தோறும் சாவி கொடுத்து ஓட்டப்படுகின்றன. உலகையே மாற்றிய நான்காம் கடிகாரமோ ஓட்டப்படுவதில்லை. அதற்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய் பிசுக்காகும், அடிக்கடி கழற்றித் துடைக்க நேரும், ஓட ஓட ஹாரிசன் செய்த உறுப்புகள் தேயும். தேய்ந்ததை மாற்றிக்கொண்டே போனால், இறுதியில் ஓடுவது ஹாரிசனின் கடிகாரமாக இராது. ஒன்றை ஓட்டுவதே அதைப் பேணும் வழி. மற்றொன்றை நிறுத்தி வைத்திருப்பதே அதைப் பேணும் வழி. இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள்.

மீட்கப்பட்ட சொல்

பழுதுபார்க்க வேண்டியவை பொருள்கள் மட்டும் அல்ல. 1775இல், தம் முதுமையில் வெளியிட்ட நூலொன்றில், தம் முறைப்படி செய்யப்படும் ஊசல் கடிகாரம் 100 நாட்களில் ஒரு நொடிக்குமேல் பிழைபடாது என்று ஹாரிசன் எழுதினார். நூலின் நடை கரடுமுரடானது. படித்தோர் அக்கூற்றை ஒரு கிழவரின் பிதற்றல் என்று நகைத்தனர்.

இருநூறாண்டுக்குப்பின் மார்ட்டின் பர்கஸ் என்னும் கலைஞர் அக்கூற்றை நகைக்காமல் படித்தார். 1970களில், ஹாரிசனின் குறிப்புகளைத் துணைக்கொண்டு கடிகாரங்களைச் செய்யத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று, சார்லஸ் பிராட்ஷம் கடிகார நிறுவனத்தாரால் முடிக்கப்பெற்று, 2015இல் கிரீன்விச்சில் முத்திரையிட்ட பெட்டிக்குள் 100 நாட்கள் ஓடவிடப்பட்டது. முடிவில் அதன் பிழை ஒரு நொடியில் எட்டில் ஐந்து பங்கு. 240 ஆண்டு ஏளனத்துக்குப்பின் கிழவரின் சொல் பலித்தது.

கூல்டு உலோகத்தைத் துலக்கினார். பர்கஸ் ஒரு வாக்கைத் துலக்கினார். இருவர்க்கும் அடிப்படை ஒன்றே. விளங்காத இடத்தில் செய்தவன் பிழைத்தான் என்று முடிவு கட்டுவது எளிது. தமக்கு இன்னும் விளங்கவில்லை என்று கொண்டு பொறுத்திருப்பது கடினம். இருவரும் கடினமான வழியையே தேர்ந்தனர். ஏட்டில் ஒரு சொல் பொருந்தாதபோது அதைத் திருத்த எழும் எழுத்தாணியை ஒருகணம் நிறுத்திவைப்பவர் எவரோ, அவர் கூல்டின் மேசையருகே அமரத் தக்கவர்.