ஆழ்கிணறுகளும் புவியகத்து வெப்பமும்

நிலத்தின்கீழ் ஆழஞ் செல்லச் செல்ல வெப்பம் மிகும் என்பதைச் சுரங்கத் தொழிலாளர் நெடுங்காலமாகத் தம் உடலால் அறிந்திருந்தனர். அது எவ்வளவு மிகும் என்று அளந்தறிய அறிவியலாளர்க்குத் துளைக்கிணறுகள் வழிதிறந்தன. பாரிசு மாநகரின் கிறெனெல் என்னுமிடத்தில் 1833இல் துளைக்கத் தொடங்கிய கிணற்றில், 1841இல் 548 மீற்றர் ஆழத்திலிருந்து நீர் பீறிட்டெழுந்தது. அந்நீரின் வெப்பநிலை சதமவளவையில் ஏறத்தாழ 28 பாகையாக இருந்தது.

இத்தகைய அளவீடுகளைப் பற்றி ஒரு பெருவினா நின்றது. 1862இல் வில்லியம் தொம்சன் (பின்னர் கெல்வின் பிரபு), உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்து வருகின்றதெனக் கொண்டு, 50 அடிக்கு ஒரு பரனைற்றுப் பாகை வெப்பம் ஏறுமென்னும் அளவைக்கொண்டு பூமியின் வயதைக் கணித்தார். 2 கோடி ஆண்டுக்கும் 40 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்டதே அவர் கண்ட விடை. டார்வினின் கூர்ப்புக் கொள்கை வேண்டிநின்ற நெடுங்காலத்தை இக்கணிப்பு மறுத்தது. எனவே, கிணற்றினுள் இறக்கிய வெப்பமானி உண்மை கூறுகின்றதா என்பது உலகின் வரலாற்றையே தொட்ட வினாவாயிற்று.

வெப்பமானி எளிதில் உண்மை கூறுவதில்லை. கிணற்று நீர் மேலுங்கீழும் பெயர்ந்து வெப்பத்தைக் கலந்துவிடும். பேர்லினுக்குத் தெற்கேயுள்ள இசுப்பெரன்பேர்க்கில் 1871 அளவில் 1272 மீற்றர் வரை துளைக்கப்பட்ட கிணற்றில், டுங்கர் என்பவர் நீர்நிரலின் ஒரு பகுதியை மேலுங்கீழும் அடைத்து, அம்மேற்காவுகையைத் தடுத்தே வெப்பநிலையை அளந்தார்.

பின்னாளில் எண்ணெய்க் கிணறுகள் துளைத்தோர் மற்றோர் இடரைக் கண்டனர். துளைப்புச் சேறு குழாயினுள்ளே கீழிறங்கி, வெளிப்புற இடைவெளி வழியே மேலேறுகின்றது. அது அடிப்பாறையின் வெப்பத்தைக் கவர்ந்து மேற்பாறைக்கு அளிப்பதால், அடிப்பகுதி குளிர்ந்தும் மேற்பகுதி சூடேறியும் போகின்றன. சேறு ஓடுங்காலத்தில் அதன் மிகையான வெப்பநிலை கிணற்றின் அடியிலன்றி, அதற்குச் சற்று மேலேயே காணப்படும். இதனைப் பிழைபடக் கணித்தால், குழாயைச் சுற்றி ஊற்றும் சீமெந்து காலத்துக்கு முன்னரே இறுகிவிடும். அல்லது இறுகாது தங்கும்.

இவ்விடரைக் கணிதம் படிப்படியாகத் தீர்த்தது. கலைந்த கிணறு தன் இயல்பான வெப்பநிலையை மீண்டும் அடையத் துளைத்த காலத்தினும் பன்மடங்கு காலம் வேண்டுமென 1947இல் புல்லாட் காட்டினார். கிணற்றில் ஓடும் பாய்பொருளின் வெப்பநிலையை ஆழத்தாலுங் காலத்தாலும் கூறும் சமன்பாட்டை 1962இல் றமி வெளியிட்டார். சுற்றியோடும் சேற்றின் வெப்பப் பரம்பலை 1969இல் றேமண்ட் ஆராய்ந்தார்.

ஆயினும் எடுகோள் பிழைத்தால் கணிதமும் பிழைக்கும். சோவியத்து ஒன்றியத்தின் கோலாக் குடாநாட்டில் 1970இல் தொடங்கிய கிணறு 1989இல் 12,262 மீற்றரை எட்டியது. அவ்வாழத்தில் ஏறத்தாழ 100 பாகை இருக்குமென எதிர்பார்த்தோர் 180 பாகையைக் கண்டனர். அவ்வெப்பத்தில் மேலுந் துளைத்தல் அரிதாயிற்று. 1992இல் பணி நின்றது.

கெல்வினின் வழுவும் இவ்வகையினதே. அவர் பயன்படுத்திய வெப்பப் படித்திறன் பெரிதும் பிழையன்று. பூமியின் உள்ளகம் திண்மமாய் அசைவின்றிக் கிடக்கின்றது என்ற எடுகோளே அவரை வழுவச் செய்தது. உள்ளகத்துப் பொருள் மெல்லப் பெயர்ந்து வெப்பத்தை மேலே கொணருமாயின் வயது பெரிதும் மிகுமென 1895இல் யோன் பெரி எடுத்துக்காட்டினார். கதிர்த்தொழிற்பாடு வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது என்பதும் சில ஆண்டுகளில் அறியப்பட்டது. இன்று பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டெனக் கொள்ளப்படுகின்றது. கணக்கு எத்துணைச் செம்மையாயினும், அதன் அடியிலுள்ள எடுகோளைச் சோதிக்கும் உரைகல் ஆழத்தில் எடுத்த அளவீடே என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது.